சாலையைக் கேட்டவருக்குச் சாலையோரம் இடமில்லையா?

கேள்வி: பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிற ஊர். எங்கள் முக்கில் அய்யன்காளியின் மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கூலிக்காசில் மிச்சம் பிடித்து வைத்தது. இப்போது சாலையை அகலப்படுத்த அளந்து கல் நட்டுவிட்டார்கள். சிலை அந்தக் கல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. விளையாட்டுத் திடலுக்குப் பின்னால், சமுதாயக் கூடத்து மதிலுக்குள் அதை மாற்றி வைக்கலாம் என்கிறார்கள். இளைஞர்கள் ஓர் அங்குலம்கூட நகர்த்த விடமாட்டோம் என்று நிற்கிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். பீடத்தில் "அடிமைத்தளை அறுத்தவர்" என்று தமிழில் பொறித்திருக்கிறது. அடிமைமுறை ஒழிந்த பிறகு பிறந்தவரை அப்படிச் சொல்வது தவறு, புதுப் பீடத்தில் அதை எடுத்துவிடுங்கள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். கல்வெட்டு மலையாளத்தில் மட்டும் இருந்தால் போதும் என்றும் பேச்சு. நாங்கள் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகர், பாறசாலை வட்டாரம்

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிலையை நகர்த்தலாம், நகர்த்தித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் திடலுக்குப் பின்னால் கொண்டுபோகச் சம்மதிக்காதீர்கள். இளைஞர்களின் கோபம் நியாயமானது. அதை அவர்கள் "நகர்த்தாதே" என்பதில் செலவழிக்காமல் "எங்கே வைக்கப் போகிறாய்" என்பதில் செலவழித்தால் பலன் உண்டு.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம் ஆகியவற்றில் சிலை வைக்க இனி எந்த மாநில அரசும் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18-ல் உத்தரவிட்டது. நாடு முழுவதும் பேசப்படும் இந்த உத்தரவு பிறந்தது உங்கள் வீட்டு வாசலில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பாறசாலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் பின்னர் துணை சபாநாயகராகவும் இருந்த என். சுந்தரன் நாடார் மறைந்தபின், அவருக்குச் சிலை வைக்கக் கேரள அரசு அனுமதி கொடுத்தது. இடம், பூவாறு சாலையும் கன்னியாகுமரி நெடுஞ்சாலையும் சந்திக்கும் நெய்யாற்றின்கரை வளைவில் உள்ள முக்கோணத் திட்டு. அந்த அனுமதியை எதிர்த்த மனுவில்தான் அங்கே இருக்கிற நிலை அப்படியே நீடிக்கட்டும் என்று சொன்ன நீதிபதிகள், மற்ற மாநிலங்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டார்கள். தெருவிளக்கு, போக்குவரத்து, மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த உத்தரவு "இனிமேல்" என்றுதான் பேசுகிறது. ஏற்கெனவே நிற்கிற சிலைகளை இடித்துத் தள்ளு என்று சொல்லவில்லை. உங்கள் அப்பா காலத்துச் சிலைக்கு இது ஓரளவு காப்பு. ஆனால் ஒருமுறை பெயர்த்து எடுத்துவிட்டால், மறுபடி சாலைப் புறம்போக்கில் வைப்பதைப் புதுச் சிலை என்றே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் சிவாஜி கணேசன் சிலைக்கு நடந்தது நினைவிருக்கும். 2006-ல் கடற்கரைச் சாலையில் வைத்தார்கள், போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்கு வந்தது, 2017 ஆகஸ்டில் இரவோடிரவாக அடையாற்று மணிமண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரசிகர் பட்டாளம் இருந்த சிலைக்கே அந்தக் கதி என்றால், கூலிக்காசில் எழுந்த சிலைக்கு நீதிமன்றப் படிக்கட்டு எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஆசிரியர் எழுப்பிய கேள்வி. இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஆண்டுக் கணக்கில் அவர் சொல்வது சரி. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரச விளம்பரம் வெளிவந்தது 1855 ஜூன் 24-ல், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில். அய்யன்காளி வெங்ஙானூரில் பிறந்தது 1863 ஆகஸ்ட் 28-ல். எட்டு ஆண்டு இடைவெளி. அந்த விளம்பரமும் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 1812-ல் மன்றோ திவானாக இருந்தபோது அடிமை விற்பனைக்குத் தடை வந்தது, ஆனால் நிலத்தோடு பிணைந்த அடிமைகளை அது தொடவில்லை. 1843-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது. 1847-ல் மிஷனரிகள் ஒன்றுகூடி மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்றார்கள். 1855-ல்தான் எல்லோருக்கும் விடுதலை.

எத்தனை பேர்? 1836-ல் திருவிதாங்கூரில் எடுத்த குடிக்கணக்கு 12,80,668 பேரைக் காட்டுகிறது. அவர்களில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேருக்கு ஒருவர். உங்களுக்குத் தெற்கே நாஞ்சில் நாட்டில், அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்தார். பின்னால் அ.கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். அதில் நிலம் விற்ற ஓலையைப் போலவே ஆள் விற்ற ஓலையும் உண்டு. வயலுக்கு எல்லை எழுதுவதுபோல் மனிதருக்கு விலை எழுதியிருக்கிறார்கள், அதுவும் நாம் பேசுகிற தமிழில். அடிமை என்றால் அமெரிக்கக் கப்பலும் கரும்புத் தோட்டமும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இந்த ஓலைகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, 1855-க்கு மறுநாள் என்ன ஆனது? அடிமை ஓலை செல்லாது என்றார்கள். அந்த ஓலையிலிருந்து வெளியே வந்தவருக்கு நிலம் இல்லை. சந்தைக்குள் போக முடியாது, பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாது, நீதிமன்றத்தில் தள்ளி நிற்க வேண்டும். பொதுவழியில் நடக்கவும் முடியாது. அதே வயல், அதே எசமான், அதே கூலி நெல். தளை ஓலையில் அறுந்தது, காலில் அறுக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அந்த இரண்டாவது அறுப்புக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னால் நான் அய்யன்காளியின் பெயரைத்தான் சொல்வேன். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்க மாட்டோம் என்று நடத்திய வேலைநிறுத்தம், 1911 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நிலத்துக்கும் பள்ளிக்கும் எழுப்பிய குரல் என்று பட்டியல் நீளும். உங்கள் பழைய தாலுகாவுக்குள்ளேயே ஊரூட்டம்பலம் இருக்கிறது. பஞ்சமி என்ற சிறுமியை அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்த பள்ளியைக் கொளுத்திவிட்டார்கள். தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அந்தப் பள்ளியில் பத்திரமாக இருக்கிறது. 2022-ல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள்.

ஆகவே "அடிமைத்தளை அறுத்தவர்" என்ற சொல் இருக்கட்டும். அது வரலாற்றுப் பாடநூல் எழுதிய வரி கிடையாது. தங்கள் தாத்தாக்களை ஓலையில் எழுதி விற்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எழுதிய வரி. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. ஆசிரியரின் உண்மைக்கும் இடம் கொடுங்கள். புதுப் பீடத்தில் பழைய கல்லை அப்படியே பதித்து, கீழே இன்னொரு சிறு கல்லில் 1855-ஐயும் 1863-ஐயும் 1893-ஐயும் எழுதுங்கள். படிக்கிற பிள்ளை எட்டு ஆண்டு இடைவெளியைக் கண்டு "இது எப்படி?" என்று கேட்டால், ஆசிரியருக்கே ஒரு வகுப்பு எடுக்க வாய்ப்பு.

அந்த 1893 எதற்கு என்றா கேட்கிறீர்கள்? சிலை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான பதிலே அந்த ஆண்டில் இருக்கிறது. இருபத்தொன்பது, முப்பது வயது அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். காளைகளின் கழுத்தில் மணி கட்டினார். நல்ல வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை. தனக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் பட்டப்பகலில் ஓட்டிப் போனார். ஊர்வலம் இல்லை, மனு இல்லை, வண்டியில் போவதே வழக்கு. பிறகு 1898-ல் ஆட்களோடு சாலையில் இறங்கி நடந்தபோது பாலராமபுரம் சாலியத் தெருவில் கலவரம் வெடித்தது. கைத்தறி நெசவுக்கென்று தமிழர்கள் குடியேறிய தெரு அது. நமக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் போவது நாணயமில்லை. பாலராமபுரம் எந்தச் சாலையில் இருக்கிறது? கரமனையிலிருந்து களியக்காவிளை வரை கட்டம் கட்டமாக அகலப்படுத்தி வருகிற உங்கள் சாலையில்தான்.

வேறு எந்தத் தலைவரின் சிலையையும் மணிமண்டபத்துக்குள் வைத்தால் ஒரு குறையும் இல்லை. நடிகருக்கோ கவிஞருக்கோ நிழலும் தோட்டமும் கௌரவம்தான். சாலையில் நடக்கும் உரிமைக்காக அடிவாங்கியவரைச் சாலையிலிருந்து எடுத்து, மதிலுக்குள், திடலுக்குப் பின்னால் வைப்பது வேறு சங்கதி. யோசனை சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், காலி இடம் அங்கே இருந்திருக்கும். ஆனால் விளைவு அதுதான். திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்த அவருடைய முழு உருவச் சிலை நாற்சந்தியில் நிற்கிறது. தலைநகரில் சாலை நடுவே நிற்கிறவருக்கு எல்லையூரில் புழக்கடையா?

அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர்களின் நினைவுச் சின்னங்கள் வெளிநாட்டிலும் இப்படி அலைந்திருக்கின்றன. இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் வில்பர்ஃபோர்ஸுக்கு நூறடிக்கு மேல் உயரமான தூண் ஒன்று உண்டு. அடிக்கல் வைத்த நாள் 1834 ஆகஸ்ட் 1, பிரிட்டிஷ் பேரரசில் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாள். நூறு ஆண்டு கழித்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1935-ல் கல் கல்லாகக் கழற்றி, பக்கத்துப் பூங்காவின் முனையில் நிறுத்தினார்கள். இன்றும் நகரத்துக்குள் கண்ணில் படுகிற இடத்தில்தான் நிற்கிறது. லண்டனில் பக்ஸ்டன் நினைவு நீரூற்றின் கதை அவ்வளவு சுகமில்லை. பார்லிமெண்ட் சதுக்கத்தில் இருந்ததை 1949-ல் கழற்றி எடுத்தவர்கள், வேறொரு தோட்டத்தில் மறுபடி நிறுத்தியது 1957-ல். இடையில் எட்டு ஆண்டு. அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரம் ஃபிரெடரிக் டக்ளஸுக்கு 1899-ல் ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலை வைத்தது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவருக்கு ரயில் நிலைய வாசல் பொருத்தமான இடம். 1941-ல் அவர் வாழ்ந்த வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு மாற்றினார்கள். நியாயமான காரணம்தான், ஆனாலும் பூங்காவின் உள்பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2019-ல் மறுபடி தூக்கிச் சாலை முனைக்குக் கொண்டுவந்தார்கள். எழுபத்தெட்டு ஆண்டு கழித்து, சாலைக்கு. அந்தச் சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம்.

நடைமுறைக்கு வருகிறேன். உத்தரவு தடுப்பது பொதுச் சாலையையும் அதன் ஓரத்தையும். சாலையைப் பார்த்தபடி, ஆனால் சாலை எல்லைக்கு வெளியே நிற்பதை அது தடுக்கவில்லை. முக்குக்கு நூறு அடிக்குள் பஞ்சாயத்துக்குச் சொந்தமான துண்டு நிலமோ, நூலகத்தின் முன்வாசலோ, அரசுப் பள்ளியின் சாலையோர மதில் முகப்போ, மனமுவந்து இரண்டு சென்ட் கொடுக்கிற தனியாளோ உண்டா என்று பாருங்கள். நூலக வாசல் கிடைத்தால் அதை விடாதீர்கள். பள்ளிக்காகப் போராடியவருக்கு அதைவிட நல்ல அயலார் கிடைக்க மாட்டார்கள். தனியார் நிலமானால் வாய்ப்பேச்சில் நிற்காமல் பஞ்சாயத்தின் பெயருக்கோ உங்கள் சமிதியின் பெயருக்கோ பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். கொடுத்தவர் மகன் நாளைக்குக் கடை கட்ட ஆசைப்படுவான்.

கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். அதில் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: எடுக்கும் நாள், வைக்கும் இடம், வைக்கும் நாள். மூன்றாவதுதான் முக்கியம். எடுத்த சிலை தாலுகா ஆபீஸ் ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடப்பதற்கு உத்தரவு எதுவும் தேவைப்படாது, யாரும் கேட்காமல் இருந்தால் போதும். புதுப் பீடம் கட்டிச் சிமெண்ட் இறுகிய பிறகே பழைய பீடத்தில் கை வைக்க வேண்டும் என்று தீர்மானத்தில் சேருங்கள். அதன் நகல் பொதுமராமத்துத் துறைக்கும் கலெக்டருக்கும் போகட்டும். சிலை நின்ற இடம் பட்டா நிலமானால் நில எடுப்பில் கட்டுமானத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். புறம்போக்கானால் பணம் எதிர்பார்க்காதீர்கள். இடம் மாற்றும் செலவைச் சாலைப் பணியிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் குமரி மாவட்டத்தில் ஓர் ஊரில் இதே மாதிரி ஒரு சிலையை எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். சிமெண்ட் சிலை. வெளியே வெண்கல வண்ணம் பூசியிருந்ததால் எல்லோரும் வெண்கலம் என்றே நினைத்திருந்தார்கள். கழுத்துக்குள்ளிருந்து இறங்கும் கம்பி பீடத்துக்குள் இரண்டடி வரை போயிருந்தது. அது தெரியாமல் இரும்புச் சங்கிலியைத் தோளில் சுற்றி மண்வாரி எந்திரத்தால் இழுத்தார்கள். பீடம் அசையவில்லை, கழுத்தில் பட்டென்று ஒரு கீறல் ஓடியது. கூடியிருந்தவர்கள் ஒரே குரலில் "ஐயோ" என்றது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு நிறுத்தி, பீடத்தின் மேல்பகுதியை வைரப்பல் கட்டரால் கிடைமட்டமாக அறுத்து, துணிப்பட்டை கட்டிக் கிரேனில் தூக்கினார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டியது. அந்த அவசரத்தில் கல்வெட்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது மூன்று துண்டாகி மண்லாரியில் போய்விட்டது. திறந்துவைத்தது யார், எந்த ஆண்டு என்று அடுத்த வாரம் ஊரில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

மொழிப் பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு வரை சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் வீட்டுக்குள் பேசுகிற மொழியைப் பிரித்துக் கொடுக்கவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது. உங்கள் மனுவைத் தமிழில் எழுதி, மலையாள நகலும் இணையுங்கள். தமிழ் மனு உரிமைக்கு, மலையாள நகல் வேலை நடக்க. பீடத்தில் இரண்டும் இருக்கட்டும். அய்யன்காளி பேசியது மலையாளம், உங்கள் அப்பா நன்றி சொன்னது தமிழில். மலையாளம் சேர்ப்பதை மறுக்காதீர்கள், தமிழை எடுப்பதை அனுமதிக்காதீர்கள்.

ஒரு வேலையை மட்டும் நாளைக்கே தொடங்குங்கள். பீடத்தின் நான்கு பக்கத்தையும், கல்வெட்டின் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, காலை வெயிலில் படம் எடுத்து வையுங்கள். அந்தச் சிலைக்குக் காசு கொடுத்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்களிடம் யார் யார், எவ்வளவு, எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சாலைக்காரர்கள் வருவதற்கு முன்னால் கல்வெட்டைத் தனியே கழற்றி, வைக்கோல் சுற்றி, நூலக அலமாரியில் பூட்டி வையுங்கள்.